ஒரு முழத்துக்குக் குறைந்த நூல்

சங்கத்தின் துணைவிதி முப்பத்தொன்று, இரண்டாம் பிரிவு இப்படிச் சொல்கிறது: ஒரு முழத்துக்குக் குறைந்த நூல், ஜரிகை கலந்ததாயினும், கழிவு எனவே கொள்ளப்படும், அது இருப்பில் சேராது, அதன் பயன்பாடு குறித்துச் செயலாளரின் முடிவே இறுதியானது.

இதில் புரியாதது ஒன்றும் இல்லை. அந்தச் சங்கத்தின் செயலாளர் நான்தான். துணைவிதிகள் எல்லாமே எனக்கு மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிரிவு எண்ணோடு சொல்வேன் என்று அலுவலகத்தில் கேலி செய்வார்கள். கேலியாக இருந்தாலும் உண்மை. விதி தெரிந்தவனுக்கு ஒரு வசதி உண்டு. எந்த விதியை எந்தக் கோப்பில் வைக்காமல் விட வேண்டும் என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்கும்.

சங்கத்தின் பெயர் வேண்டாம். ஆரணியில் பட்டு நெசவாளர் சங்கங்கள் பல, அவற்றில் ஒன்று. கைத்தறித் துறையிலிருந்து என்னை அங்கே அனுப்பியிருந்தார்கள். சங்கத்துக்கு ஒரு பழைய லாரி இருந்தது. லாரிக்கு ஒரு டிரைவர் இருந்தார். அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதக் கூடாத தாள்களில் அதை ஏற்கெனவே பலமுறை எழுதிவிட்டேன்.

குள்ளமானவர். ஸ்டீயரிங்குக்கு மேலே சாலை தெரிவதற்காகச் சீட்டில் ஒரு பலகை போட்டு உட்காருவார். மற்றவர்கள் பேனா குத்துகிற சட்டைப் பையில் அவர் சின்ன ஸ்க்ரூட்ரைவர் ஒன்றைக் குத்தியிருப்பார். லாரி, ராணுவம் கழித்து ஏலம் விட்டது, பெட்ரோலில் ஓடுவது. பெட்ரோல் அளவு காட்டும் முள் எந்த யுத்தத்திலோ செத்துப்போயிருந்தது. அதனால் ஒரு மூங்கில் குச்சியில் கோடுகள் கீறி வைத்து, புறப்படுவதற்கு முன் பெட்ரோல் டேங்கில் விட்டுப் பார்ப்பார். அரை மணி நேரத்துக்கு முன் அவரே நிரப்பியிருந்தாலும் விட்டுப் பார்ப்பார்.

"இப்பதானே ஊத்துனே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஊத்துனத பாத்தேன் சார். இப்ப உள்ள கீதான்னு பாக்கல."

அவரை இந்த ஒரு பதிலில் சொல்லி முடித்துவிடலாம். தான் பார்க்காததை அவர் சொல்லமாட்டார். கேட்பதற்கு நல்ல குணம் போலத்தான் இருக்கும். பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை வாங்கியவனுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய பேஜார் என்று. வேலூருக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்று கேட்டால், "கண்ணமங்கலம் தாண்டினப்புறம் கேளுங்க சார்" என்பார். கண்ணமங்கலம் தாண்டிக் கேட்டால், "ரோடு இப்படியே இருந்தா பத்து மணி. இப்படியே இருக்குமான்னு தெரியல" என்பார். காய்ச்சல் என்று டாக்டரிடம் போனவர், எத்தனை நாளாக என்று டாக்டர் கேட்டதற்கு, "நேத்திக்குத் தொட்டுப் பாத்தேன், சுட்டுச்சு. அதுக்கு முன்னாடி தொட்டுப் பாக்கலீங்க" என்று சொல்லியிருக்கிறார். டாக்டரே அதை என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

ஒரு கல்யாணத்தையே கெடுத்திருக்கிறார். சேவூரில் அவர் அடுத்த வீட்டுப் பையனுக்குப் பெண் கொடுக்க, சேத்துப்பட்டிலிருந்து ஆட்கள் விசாரிக்க வந்தார்கள். பையன் எப்படி என்று கேட்டிருக்கிறார்கள். ஊர் வழக்கப்படி "தங்கமான பையன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் காரியம் முடிந்தது. இவர் யோசித்து, "தினம் காலைல சைக்கிள தொடச்சிகினு இருப்பான். அத பாத்திருக்கேன். மத்தபடி எனக்குத் தெரியாதுங்க" என்றார். வந்தவர்கள் காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டார்கள். பையனின் அப்பா இரண்டு வருஷம் இவரோடு பேசவில்லை. இவருக்கு அதன் காரணம் கடைசிவரை விளங்கவில்லை.

எண்பதாம் வருஷம், தீபாவளிக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். சென்னையில் விற்பனைக்கு வைக்க வேண்டிய புடவைகள் மூட்டை மூட்டையாக லாரியில் ஏறியிருந்தன. அந்த வருஷ உழைப்பில் பாதி அந்த மூட்டைகளில் இருந்தது. நெய்தவர்களில் சிலர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். சங்கத் தலைவர் வெள்ளை வேட்டியில் வந்து தேங்காய் உடைத்தார். டிரைவர் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தார். எஞ்சின் சுற்றியது. பிடிக்கவில்லை. மறுபடி சுற்றியது. பிடிக்கவில்லை.

"இன்னாய்யா டிரைவர், நல்ல நேரத்துல பேஜார் பண்றே?" என்றார் தலைவர். "காயில் போயிருக்கும். வேலூருக்கு ஆள அனுப்பிப் புதுசு வாங்கியாரச் சொல்லு. ஜல்தி!"

"பாத்தாத்தான் தெரியுங்க."

"நான்தான் சொல்றேனே, காயில்னு."

"தறில இழை அறுந்தா எங்க அறுந்துச்சுன்னு பாத்துதானே தலைவரே பிணைக்கிறோம். முழுப் பாவு நூலையுமா மாத்துறோம்?"

வாசலில் நின்ற நெசவாளர்கள் சிரித்தார்கள். தலைவரும் ஒரு காலத்தில் தறியில் உட்கார்ந்தவர்தான். அதை நினைவுபடுத்தினால் அவருக்குப் பிடிக்காது. அவர் சிரிக்கவில்லை.

டிரைவர் ஹாரனை அடித்தார், ஒலித்தது. பேட்டரி இருக்கிறது. எஞ்சினுக்குப் பொறியைப் பங்கிட்டுத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரின் மண்டையில் செருகியிருக்கும் தடித்த ஒயரைப் பிடுங்கி, அதன் முனையை எஞ்சின் இரும்புக்கு ஓர் அரிசி இடைவெளியில் பிடித்துக்கொண்டு, வாட்ச்மேனை ஹாண்டில் போட்டுச் சுற்றச் சொன்னார். அந்த இடைவெளியில் நீலப் பொறி தாவ வேண்டும். தாவவில்லை.

"பொறி இல்ல" என்றார். "இது பாத்தாச்சு."

பொறியை உண்டாக்கும் காயிலைப் பற்றி நான் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். பேட்டரி மின்சாரம் அதற்குள் ஓடிக்கொண்டே இருந்தால் பொறி வராது. ஓடுவது சட்டென்று அறுபட வேண்டும். அறுபடும் கணத்தில்தான் பொறி. அறுப்பதற்கு டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் என்று ஒரு சின்ன வாய் இருக்கிறது. எஞ்சின் சுற்றச் சுற்ற அது திறந்து மூடும். டிரைவர் மூடியைக் கழற்றி அந்த வாயைப் பார்த்தார். நன்றாகவே திறந்து மூடியது. போஸ்ட் கார்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, அதை வாய்க்குள் விட்டு இழுத்துத் துடைத்தார். மறுபடி பார்த்தார். பொறி இல்லை.

பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"சார், நீங்க உள்ள ஏறி உக்காந்து, கரண்டு போறத காட்ற அந்த முள்ள பாருங்க. வாட்ச்மேன் சுத்துவாரு. முள்ளு ஆடுதா இல்லியான்னு மட்டும் சொல்லுங்க. ஆடும்னு நீங்க நெனைக்கிறத சொல்லாதீங்க."

பட்டம் வாங்கியவனிடம் இப்படிப் பேசலாமா என்று அவருக்குத் தோன்றாது. நான் ஏறி அந்தப் பலகைமேல் உட்கார்ந்தேன்.

"ஆடவில்லை" என்றேன்.

"நல்லா பாத்தீங்களா? எங்க நிக்குது?"

"இடது பக்கம் சாய்ந்து அப்படியே நிற்கிறது."

"அப்ப கரண்டு போய்கினேதான் கீது. வாய் தொறந்தும் அறுபடல. எங்கியோ திருட்டு வழியா வண்டி பாடிக்குப் போவுது."

திருட்டு என்ற சொல்லை முதலில் சொன்னவர் அவர்தான். பின்னால் நிறையப் பேர் சொன்னார்கள்.

காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் ஒயரைக் கழற்றினார். முள் நடுவுக்கு வந்தது. கழற்றிய முனையை இரும்பில் தொட்டு வெடுக்கென்று எடுத்தார். தடித்த ஒயரின் முனையில் பளீரென்று நீலப் பொறி தாவியது. கூட்டம் "ஹோ" என்றது.

"காயில் நல்லா கீதுங்க தலைவரே" என்றார், திரும்பிப் பார்க்காமல்.

அவர் குத்திக்காட்டவில்லை. பார்த்ததைச் சொன்னார். தலைவருக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. எந்தத் தலைவருக்குத்தான் தெரியும்?

பழுது டிஸ்ட்ரிபியூட்டருக்குள்தான் என்று ஆனது. ஒயரை மறுபடி மாட்டி, அங்கே இருக்கும் கண்டென்சர் என்ற சின்னக் குப்பியைக் கழற்றிப் பார்த்தார், அப்போதும் முள் ஆடவில்லை, பழுது அதில் இல்லை. மிஞ்சியது ஒயர் உள்ளே நுழைகிற ஓட்டை. அங்கே ஒயர் இரும்பில் படாமலிருக்க ஒரு சின்ன வளையம் உண்டு. அந்த வளையம் ஏழெட்டு மாதத்துக்கு முன்பே உடைந்துபோயிருந்தது. அந்த லாரிக்கு வளையம் எங்கே கிடைக்கும்? பட்டு மின்சாரத்தைக் கடத்தாது என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். பட்டு நூலை நெருக்கமாகச் சுற்றி, அதையே வளையமாக வைத்து இத்தனை மாதம் ஓட்டியிருந்தார். ஆரணியில் கதவு கட்டுவது, கன்றுக்குட்டி கட்டுவது எல்லாம் பட்டு நூலில்தான். புடவையை அறுத்தெடுத்த பிறகு தறியில் மிஞ்சும் துண்டு நூலுக்கு வேறு வேலை இல்லை.

அந்தச் சுற்றை ஊசியால் நெம்பி எடுத்தார். எண்ணெயில் கறுத்திருந்தது. பிரித்து வெயிலில் பிடித்தார். கறுப்புக்கு நடுவே ஓரிடத்தில் மின்னியது. ஜரிகை. வெள்ளிக் கம்பியை இழைத்துச் சுற்றிய நூல். பட்டுக்குள் மறைந்திருந்தவரை சும்மா இருந்திருக்கிறது. மேலே இருந்த பட்டு அதிர்ந்து தேய்ந்ததும் ஒயரையும் இரும்பையும் சேர்த்துத் தொட்டுவிட்டது.

வாட்ச்மேன்தான் முதலில் சிரித்தான். பிறகு தலைவர், காயில் கோபத்தையும் மறந்து, "ஆரணிக்காரன் லாரிக்கும் ஜரிகை பார்டர் போட்டுட்டான்யா!" என்றார். வாசலே சிரித்தது. நானும் சிரித்தேன்.

டிரைவர் சிரிக்கவில்லை. "நான் கட்னது" என்றார். அந்த நூலை முழங்கையிலிருந்து விரல்வரை வைத்துப் பார்த்தார். விரலுக்கு எட்டவில்லை. ஒரு சாணுக்கு மேல், ஒரு முழத்துக்குக் கீழே. காகிதத்தில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை வெட்டி ஓட்டையில் சொருகி ஒயரை மாட்டினார். ஒரே சுற்றில் எஞ்சின் பிடித்தது. புடவைகள் நேரத்துக்குச் சென்னை போய்ச் சேர்ந்தன.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். திரும்பி வந்த அன்று அவர் லாரியின் லாக் புத்தகத்தை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். புறப்படத் தாமதமானதற்குக் காரணம் எழுத வேண்டும்.

"ஒயர் தளர்வு, சரிசெய்யப்பட்டது. இப்படி எழுதிட்டுப் போப்பா" என்றேன்.

"ஒயர் தளரலியே சார்."

"காரணம்னு ஒன்று எழுத வேண்டும். அவ்வளவுதானே?"

"அதான் சார், காரணம் எழுதணும்" என்று சொல்லிவிட்டு, ஓரமாக நின்றுகொண்டே எழுதினார். எழுத்துக்கூட்டி எழுதுகிறவர். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. பொறி இல்லை. நான் முன்பு ஒயரில் சுற்றிய பட்டு நூலில் ஜரிகை இருந்தது. நூலைப் பார்க்காமல் சுற்றியது என் தவறு. நூல் இத்துடன் உள்ளது. மடித்து வைத்திருந்த நூலை அந்தப் பக்கத்திலேயே குண்டூசியால் குத்தினார்.

அவர் பார்க்காமல் செய்த காரியம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அதையும் எழுதி, சாட்சியையும் சேர்த்துக் குத்திக் கொடுத்துவிட்டார். நான் தடுத்திருக்கலாம். பக்கத்தைக் கிழிக்கக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. அந்த விதியை மட்டும் நான் உடனே கடைப்பிடித்தேன்.

தணிக்கைக்கு வந்தவர்கள் லாக் புத்தகத்தில் பெட்ரோலைத் தவிர வேறு எதையும் பார்ப்பதில்லை. அந்த வருஷம் வந்தவர் பார்த்தார். பட்டுச் சங்கத்தில் ஜரிகை என்றால் வெள்ளி. ஜரிகை பூட்டிய அறையில், தராசுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது. அது லாரியில் இருந்தது என்று ஒருவன் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறான். தணிக்கையாளருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? சங்கத்தின் ஜரிகையைச் சொந்தப் பொறுப்பில் எடுத்தது, அனுமதியின்றி வாகனத்தில் மாற்றம் செய்தது என்று இரண்டு குற்றச்சாட்டுகள். விசாரணைக்குத் தலைவர் ஒரு நொடியில் ஒப்புதல் கொடுத்தார். காயில் நன்றாக இருந்ததை அவர் மறக்கவில்லை.

விசாரணைக்கு வெளியூரிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். குறிப்பெழுதியவன் நான்.

"உங்க கைக்கு ஜரிகை எப்படி வந்தது?" என்று கேட்டார் அதிகாரி.

"ஆபீஸ்ல ஆணில தொங்கிகினு இருந்த நூல்ல எடுத்தேங்க."

அது உண்மை. கோப்புகள் கட்டுவதற்காக என் மேஜைக்குப் பக்கத்து ஆணியில் அந்தத் துண்டு நூல் ஒரு கொத்தாக எப்போதும் தொங்கும்.

"யார் எடுக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க. நான் கேட்டேன்."

"யாரை?"

"செக்ரட்டரி சாரத்தான். வண்டி ஒயருக்குச் சுத்தணும், கொஞ்சம் எடுத்துக்கட்டுமா சார்னு கேட்டேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லலீங்க. தலைய ஆட்னாரு."

என் பேனா நின்றது.

"அப்போ அனுமதி கொடுத்தார்" என்றார் அதிகாரி. அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது; அவருக்கும் ஊருக்குப் பஸ் பிடிக்க வேண்டும். டிரைவர் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"அத்த நான் சொல்ல முடியாதுங்க" என்றார் டிரைவர். "சார் கையில பேப்பர் வெச்சிகினு படிச்சிகினு இருந்தாரு. எனக்கு ஆட்னாரா, பேப்பருக்கு ஆட்னாரான்னு நான் பாக்கல."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "என்ன செக்ரட்டரி?"

"நினைவில்லை" என்றேன்.

எனக்கு நினைவிருந்தது. அவருக்குத்தான் தலையை ஆட்டினேன். நினைவில்லை என்பது அலுவலகத்தில் பொய்யாகாது. அது ஒரு நடைமுறை. குறிப்பில் இப்படி எழுதினேன்: அனுமதி பெற்றது குறித்து அவரால் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. அவர் சொன்னதற்கு மாறாக அதில் ஓர் எழுத்துகூட இல்லை. படித்துக் காட்டியபோது, "சரிங்க, அப்படித்தான் சொன்னேன்" என்று கையெழுத்துப் போட்டார்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அந்த விசாரணைக் கோப்பு மேஜையில் இருந்தது. அதைக் கட்டியிருந்ததும் அதே ஆணியில் தொங்கிய நூல்தான். கேள்வி கேட்கும்போதெல்லாம் அதிகாரி அதன் முனையை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் அது மின்னியது. டிரைவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன். சொல்லவில்லை.

பல மாதம் கழித்து அவரைக் கண்ணமங்கலத்தில் பஸ் நிறுத்தத்தில் பார்த்தபோது, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அது ஜரிகையா, மஞ்ச நூலான்னு நான் கையில எடுத்துப் பாக்கல சார்."

அதிகாரி நல்லவர். முழத்துக்குக் குறைந்த நூல் கழிவாக இருக்கலாமே, விதி எதுவும் உண்டா என்று என்னிடம் கேட்டார். விதி என் நாக்கு நுனியில் இருந்தது. அதன் கடைசி வரியும் கூடவே இருந்தது: செயலாளரின் முடிவே இறுதியானது. முடிவு நான் செய்ய வேண்டும் என்றால், அந்த நூல் யார் ஆணியில் தொங்கியது, யார் தலையாட்டி அது போனது என்பதையும் நானே எழுத வேண்டும். "இதில் மேலிடத்தின் தெளிவுரை கேட்பது நல்லது" என்றேன். கடிதத்தை அன்றே நானே எழுதினேன். ஒரு முழத்துக்குக் குறைந்த ஜரிகை நூல் இருப்பில் சேருமா, சேராதா? நல்ல கடிதம். அதில் குறை சொல்ல யாராலும் முடியாது. பதில் வரும்வரை டிரைவர் தற்காலிகப் பணிநீக்கம்.

அவர் மனைவி சேவூரில் வீட்டிலேயே தறி வைத்து நெய்கிறவர். பாவு நூலும் ஜரிகையும் சங்கத்திலிருந்துதான் வாங்குவார். விசாரணை முடியாதவரின் குடும்பத்துக்கு அவற்றைக் கொடுக்கக் கூடாது என்று ஒரு விதி உண்டு. அதற்கு மேலிடத்தின் தெளிவுரை யாரும் கேட்கவில்லை. அந்த அம்மாள் ஒருநாள் நேரே என் மேஜைக்கு வந்து நின்றார்.

"சார், அவுரு வண்டி ஓட்றாரு. நான் தறி ஓட்றேன். வண்டில தப்பு வந்தா தறிய ஏன் நிறுத்துறீங்க?"

"பதில் வரணும்மா."

"எத்தினி நாள்ல வரும்?"

"சொல்ல முடியாது."

"நீங்களும் அவுரு மாதிரியே பேசறீங்களே" என்றார். அந்த அம்மாள் என்னைத் திட்டியது அவ்வளவுதான். அந்த ஒப்பீட்டுக்கு எனக்குத் தகுதியில்லை என்பதுதான் அதிலிருந்த கொடுமை.

தனியார் முதலாளிகளிடம் பாவு கேட்டுப் பார்த்தார்கள். ஜரிகைக் கேஸ் என்றதும் கையை விரித்துவிட்டார்கள். பட்டு நெய்கிற ஊரில் அந்தப் பேச்சு ஒட்டினால் உரியாது. வெறும் தறியைத் துணி போட்டு மூடி வைத்தார் அந்த அம்மாள். டிரைவர் கண்ணமங்கலம் போகிற வழியில் ஒரு லாரி ஷெட்டில் பேட்டரி கழுவுகிற வேலைக்குப் போனார். அங்கே எல்லாம் டீசல் வண்டி, பொறி தேவையில்லாதவை.

வழியில் எப்போது பார்த்தாலும் அவர் என்னிடம் கேட்பது ஒன்றுதான்.

"பதில் வந்துச்சா சார்?"

"வரலப்பா. நினைவூட்டு அனுப்பியிருக்கேன்."

"அப்ப இன்னும் தெரியாது" என்பார்.

நீ திருடவில்லை என்று உனக்குத் தெரியாதா என்று ஒருநாள் எரிச்சலில் கேட்டேன். "எடுத்தேன், அது தெரியும். எடுத்தது சங்கத்துப் பொருளா, குப்பையான்னு பதில் வந்தாத்தானே சார் தெரியும்? உங்களுக்கே தெரியலன்னுதானே எழுதிக் கேட்டிருக்கீங்க" என்றார். எனக்குத் தெரியவில்லை என்று நான் எழுதியிருந்தேன். அவர் அதை நம்பினார். நம்பிக்கை என்றுகூடச் சொல்ல முடியாது, கடிதத்தில் என் கையெழுத்தைப் பார்த்திருந்தார்.

நான்கு நினைவூட்டுகள் அனுப்பினேன். பதில் வந்தபோது என் ஓய்வூதியத் தாள்கள் மேலே போயிருந்தன. அவற்றோடு, என்மீது எந்த விசாரணையும் நிலுவையில் இல்லை என்ற சான்றும் வர வேண்டும். பதில் ஐந்தே வரி. துணைவிதி முப்பத்தொன்று, இரண்டாம் பிரிவு தெளிவாக இருக்கிறது. முழத்துக்குக் குறைந்தது கழிவு. செயலாளர் தாமே முடிவு செய்திருக்க வேண்டிய இதை மேலிடத்துக்கு அனுப்பியது ஏன் என்று விளக்கம் தரவும். அந்தக் கடைசி வரியை இரண்டு முறை படித்தேன். கடிதத்தில் உள்வரவு முத்திரை குத்தி, மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். சான்று வந்தது. எண்பத்தைந்து ஜூன் கடைசியில் மாலை போட்டு, என்னைப் போல் விதி தெரிந்தவர் யாரும் இல்லை என்று தலைவர் பேசி, அனுப்பிவைத்தார்கள். எனக்குப் பின்னால் வந்தவரிடம் கோப்பை ஒப்படைத்தபோது, பூட்டி வைத்திருந்த பதிலை அதில் சேர்த்து, டிரைவரைத் திரும்ப எடுக்க உத்தரவு போடச் சொல்லிவிட்டு, பதிலின் நகல் ஒன்றை எடுத்துக்கொண்டேன். ஜூலை முதல் வாரம் டவுன் பஸ் ஏறிச் சேவூருக்குப் போனேன்.

வீட்டில் இருவரும் இருந்தார்கள். தறி இருந்த இடத்தில் தறி இல்லை. நெய்பவர் கால் தொங்கவிட்டு உட்காரும் தறிக்குழியை மண் கொட்டி மூடி, மேலே சாணி மெழுகி, அடுப்பு வைத்திருந்தார்கள். சோறு கொதித்துக்கொண்டிருந்தது.

"தறி எங்கே?" என்று கேட்டேன்.

"குடுத்துட்டோம்" என்றார் அந்த அம்மாள். "இந்த வருஷம் தை மாசம். பொங்கல் கழிச்சு, காஞ்சிபுரத்துக்காரங்க வந்து பிரிச்சி எடுத்துகினு போனாங்க. அதுவரைக்கும் துணி போட்டு மூடிதான் வெச்சிருந்தேன். அவுரு பதில் வரும், பதில் வரும்னாரு."

"வரும்னு நான் சொல்லல" என்றார் டிரைவர். "வந்தா தெரியும்னு சொன்னேன்." பிறகு என்னைப் பார்த்தார். "பதில் வந்துச்சா சார்?"

"வந்தது" என்று நகலைக் கொடுத்தேன்.

வாசல் வெளிச்சத்துக்குப் போய், விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். ஐந்து வரி படிக்க நேரம் எடுத்தது. அந்த அம்மாள் கரண்டியோடு எழுந்து வந்தார்.

"இன்னா போட்டுக்கீது?"

"குப்பைதானாம்."

"அத்தத்தானே நானும் மொத நாளே சொன்னேன்."

"நீ சொன்னே. இப்ப தெரிஞ்சிடுச்சு" என்றார். அவர் முகத்திலிருந்து ஒரு சுமை இறங்கியது. அது உண்மை, அதை நான் பார்த்தேன். மறுபடி தாளைப் பார்த்தார். விரல் மேலே போனது. மூலையில் வட்டமாக இருந்த முத்திரையில் நின்றது.

"சார், இது நம்ம ஆபீஸ் முத்திரைதானே? வந்த அன்னிக்குக் குத்தறது?"

"ஆமாம்."

"தேதி சரியா தெரியல. மை மங்கலா கீது" என்று தாளை என்னிடம் நீட்டினார். "நீங்களே பாத்துப் படிங்க. நான் தப்பா படிச்சிடப் போறேன்."

அந்த அம்மாள் கரண்டியைப் பிடித்தபடி அடுப்புக்கும் எனக்கும் நடுவே நின்றுகொண்டிருந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முத்திரையைப் பார்த்துப் படித்தேன்.

1984, நவம்பர் 19.